கூட்ஸ் வண்டியில் போன விஷ மண்

பட்டுப் புடவையில் கறை பட்டால் என்ன செய்வது என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காப்பிக் கறைக்கு ஒரு கைவைத்தியம், எண்ணெய்க் கறைக்கு வேறொன்று. எதற்கும் மசியாவிட்டால் வெளுப்பவரிடம் போட்டுவிட்டு, 'பகவான் விட்ட வழி' என்று இருந்துவிடுவீர்கள். அதுவும் போகாவிட்டால் புடவையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட வேண்டியதுதான்.

ஆனால் கறை பட்டது புடவையில் இல்லை, மண்ணில் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் கொல்லையில், நீங்கள் தினமும் தண்ணீர் சேந்தும் கிணற்றடியில். அப்போது என்ன செய்வீர்கள்? மண்ணை மடித்துப் பெட்டியில் வைக்க முடியுமா?

முடியும் என்கிறார்கள் சிலர். பெட்டியில் வைத்து, மூடி போட்டு, கூட்ஸ் வண்டியில் ஏற்றி அனுப்பியும் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கதை நடந்தது கடல் கடந்த தேசங்களில். ஆனால் அதைக் கேட்க வேண்டிய அவசியம் நம் ஆரணிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நிறையவே இருக்கிறது.

ஆரணியைத் தெரியாத பெண்மணி உண்டா? தெருவில் பாவு நீட்டி, வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும் பட்டு ஊர். பச்சைப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சிப் பசை போக்கி, பிறகு சாயத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். நூலில் ஏறிய சாயம் நமக்கு. ஏறாத சாயம் தண்ணீரோடு போய்விடும். எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் சொல்லப் போகும் கதை முழுவதும் அந்த 'எங்கே' என்ற ஒரு சொல்லில்தான் அடங்கியிருக்கிறது.

பக்கத்து ஊர்க் குவியல்

ஆரணிக்கு வடக்கே, பஸ்ஸில் போனால் சிறிது நேரத்தில் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது ராணிப்பேட்டை. தோல் தொழிலுக்குப் பெயர் போன ஊர். தோலைப் பதப்படுத்த குரோமிய உப்பு வேண்டும். அதைத் தயாரிக்க 1970-களின் நடுவில் அங்கே ஒரு தொழிற்சாலை எழுந்தது. சுமார் இருபது வருஷம் ஓடியது. 1990-களின் நடுவில் மூடிவிட்டார்கள்.

தொழிற்சாலை மூடியது; கழிவு மூடவில்லை! இரண்டு லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு வெட்டவெளியில் குன்று போல நின்றுவிட்டது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் நீர் வழியும். அந்த மஞ்சள், மங்கல மஞ்சள் அல்ல. நிலத்தடி நீரில் இறங்கி, கிணற்றைக் கெடுத்து, பயிரைக் கருக்கும் மஞ்சள். 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகிலேயே மிகவும் மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியல் போட்டபோது, நம் ராணிப்பேட்டையும் அதில் இடம்பெற்றது. பெருமைப்படக் கூடிய இடமா அது?

இரண்டு லட்சம் டன்னை என்ன செய்வது? மலைத்துப் போகத்தான் தோன்றும். ஆனால் இதைப் போல நாலு மடங்குக்கு மேல், அதுவும் அணுசக்திக் கழிவு, ஒரு ஊரிலிருந்து ரயிலேறிப் போயிருக்கிறது என்றால் நம்புவீர்களா?

மாட்டுத் தீவனம் என்று நினைத்தார்கள்!

அமெரிக்காவில் ஓஹியோ மாகாணத்தில், சின்சினாட்டி நகரத்துக்கு வெளியே ஃபெர்னால்டு என்று ஒரு கிராமப்புறம். சுற்றிலும் பசு மாடுகள் மேயும் பண்ணைகள். 1951-ல் அங்கே அரசாங்கம் ஒரு தொழிற்சாலை கட்டத் தொடங்கியது. வாசலில் 'ஃபீட் மெட்டீரியல்ஸ்' தயாரிப்பு நிலையம் என்று பெயர்ப்பலகை. தண்ணீர்த் தொட்டியில் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக வர்ணம். 'ஃபீட்' என்றால் ஆங்கிலத்தில் கால்நடைத் தீவனம் என்றும் பொருள். ஆகவே அக்கம்பக்கத்தில் பலர், 'இங்கே மாட்டுத் தீவனமோ நாய்த் தீவனமோ செய்கிறார்கள் போலிருக்கிறது' என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

உண்மையில் அங்கே செய்தது யுரேனிய உலோகம். அணு ஆயுதங்களுக்கான மூலப்பொருள்!

1984-ல் குட்டு உடைந்தது. தொழிற்சாலையிலிருந்து யுரேனியத் தூசி வெளியே பறந்திருக்கிறது என்ற செய்தி வந்தது. அதோடு இன்னொன்றும் வெளிப்பட்டது: அருகில் சில கிணறுகளில் யுரேனியம் கலந்திருக்கிறது. அதிகாரிகளுக்கு அது சில ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் தெரியாது.

அந்தக் கிணறுகளில் ஒன்று, லீசா கிராஃபோர்டு என்ற இளம் தாயார் குடியிருந்த வாடகை வீட்டுக் கிணறு. அந்தத் தண்ணீரில்தான் சமைத்தார். அதில்தான் சின்னஞ்சிறு மகனைக் குளிப்பாட்டினார். விஷயம் தெரிந்ததும் அவர் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று உங்களுக்கு நான் விவரிக்க வேண்டுமா? அந்த அம்மாள் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. அக்கம்பக்கத்தாருடன் சேர்ந்து வழக்குத் தொடுத்தார். ஊர்ச் சங்கத்துக்குத் தலைவியானார். 1989-ல் 7 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள அரசாங்கம் இணங்கியது. அதே ஆண்டில் தொழிற்சாலையின் உற்பத்தியும் நின்றது.

பணம் வந்தது சரி. கழிவு? ஆறு பெரிய குழிகளில் அது கிடந்தது. அதற்கடியில் ஒரு பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம்.

154 வண்டிகள்

இங்கேதான் ரயில் வருகிறது. தொழிற்சாலை வளாகத்துக்குள்ளேயே தண்டவாளம் போட்டு, கூட்ஸ் வண்டிகள் நிற்க இடம் அமைத்தார்கள். குழிகளைத் தோண்டினார்கள். ஈரமாக எடுத்த கழிவைச் சூட்டில் உலர்த்தினார்கள். ஈரம் இருந்தால் வழியில் ஒழுகுமல்லவா? பிறகு வாகனின் உள்ளே விரிப்பு விரித்து, கழிவைக் கொட்டி, மேலே மூடி போட்டார்கள். ஊறுகாய் ஜாடியை வெளியூருக்கு அனுப்ப நீங்கள் என்ன பாடு படுவீர்களோ, அதே கதைதான்.

1999-ல் முதல் வண்டி புறப்பட்டது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 60 வாகன்கள். போய்ச் சேர வேண்டிய இடம் யூட்டா மாகாணத்தில் கிளைவ் என்ற பாலைவனம். ஆள் அரவம் இல்லாத உப்பு வெளி. இடையே ஏறக்குறைய 2,000 மைல்! 2005-க்குள் 154 வண்டிகள் போயின. சுமார் பத்து லட்சம் டன் கழிவு அந்த ஊரை விட்டு வெளியேறியது.

2006-ல் ஃபெர்னால்டு சுத்திகரிப்பு முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. மொத்தச் செலவு 440 கோடி டாலர். தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று புல்வெளியும் ஏரிகளும் பறவைகளும்! 2008 முதல் பொதுமக்கள் வந்து பார்க்க ஒரு காட்சிக்கூடமும் திறந்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மண்ணை அள்ளி அனுப்பிவிடலாம். மண்ணுக்கடியில் கலந்துவிட்ட தண்ணீரை அள்ளி வாகனில் போட முடியாது. அதை இறைத்து இறைத்துச் சுத்தம் செய்யும் வேலை, 2006-க்குப் பிறகும் வருஷக்கணக்கில் தொடர்ந்தது. கிணற்றைக் கெடுக்க ஒரு மழை போதும். திருத்த ஒரு தலைமுறை வேண்டும்.

ஆற்றங்கரையில் ஒரு மலை

அதே யூட்டா மாகாணத்தில் மோவாப் என்று ஓர் ஊர். அங்கே 1956 முதல் 1984 வரை யுரேனியத் தாதுவை அரைக்கும் ஆலை ஓடியது. அரைத்து யுரேனியத்தை எடுத்துக்கொண்டு, மிச்ச மணலை ஆலைக்குப் பக்கத்திலேயே குவித்தார்கள். குவியல் 130 ஏக்கர் பரப்புக்கு வளர்ந்தது. எடை ஒரு கோடியே அறுபது லட்சம் டன். பக்கத்தில் ஓடுவதோ கொலராடோ ஆறு. கீழே கோடிக்கணக்கான ஜனங்களுக்குத் தண்ணீர் தரும் ஜீவநதி.

'யுரேனியத்தைத்தான் எடுத்தாகிவிட்டதே, மணலில் என்ன பயம்?' என்று கேட்பீர்கள். யுரேனியம் போனாலும் ரேடியம் மணலிலேயே தங்கிவிடுகிறது. அது பாதியாகக் குறையவே 1,600 வருஷம் பிடிக்கும். அதுவரை ராடான் என்ற வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். நிறமில்லை, மணமில்லை, மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. கொலராடோ மாகாணத்தில் கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊரில், 'நல்ல மணல் சும்மா கிடைக்கிறதே' என்று இதே மாதிரி ஆலை மணலை அள்ளிப் போய் வீட்டு அஸ்திவாரத்துக்கும் நடைபாதைக்கும் போட்டார்கள். பின்னால் ஆயிரக்கணக்கான கட்டடங்களில் தரையைப் பெயர்த்து அந்த மணலை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. சும்மா கிடைப்பது எதுவும் சும்மா இல்லை!

மோவாப் குவியலை 2009 ஏப்ரல் முதல் ரயிலில் ஏற்றத் தொடங்கினார்கள். 30 மைலுக்கு அப்பால், ஆற்றிலிருந்து விலகிய கிரெசென்ட் ஜங்ஷன் என்ற வறண்ட இடத்தில் புதைப்பதற்காக. ஒரு வண்டியில் 36 வாகன்கள், வாகனுக்கு நான்கு பெட்டிகள், ஆக 144 மூடி போட்ட இரும்புப் பெட்டிகள். பதினைந்து வருஷம் ஓயாமல் ஓடி, 2024-க்குள் ஒரு கோடியே நாற்பது லட்சம் டன்னை அப்புறப்படுத்திவிட்டார்கள்.

லாரி போதாதா?

வாசகிகளில் சிலர் கேட்கலாம்: 'இதற்கு ரயில்தான் வேண்டுமா? லாரியில் போகாதா?' நியாயமான கேள்வி. கொஞ்சம் மனக்கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபெர்னால்டிலிருந்து போன ஒரு வண்டியில் ஆறாயிரம் டன் என்று வைத்துக்கொள்வோம். லாரி ஒன்றுக்கு 20 டன் என்றால், அந்த ஒரு வண்டிக்கு ஈடாக 300 லாரிகள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் உங்கள் தெரு வழியாக 300 லாரிகள் போனால்? அதுவும் விஷத்தைச் சுமந்துகொண்டு?

ரயிலுக்கு அதன் பாதை அதற்கே சொந்தம். எதிரே மாட்டு வண்டி வராது. முந்திக்கொண்டு போக இன்னொரு லாரி வராது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருளும்போது உராய்வும் குறைவு. மணலில் தள்ளுவண்டி தள்ளியவர்களுக்கும் சிமெண்டுத் தரையில் தள்ளியவர்களுக்கும் வித்தியாசம் தெரியும். ஆகவே எண்ணெய்ச் செலவும் குறைவு, ஆள் செலவும் குறைவு.

ரயிலும் கவிழலாம் அல்லவா? இந்தச் சந்தேகம் இங்கிலாந்துக்காரர்களுக்கும் வந்தது. அங்கே பழைய அணுமின் நிலையம் ஒன்றை மூடினால், முதல் வேலை எரிந்து முடிந்த எரிபொருளை வெளியே எடுப்பதுதான். நிலையத்தில் உள்ள கதிரியக்கத்தில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் அதோடு போய்விடும். கனத்த எஃகுச் சுவருள்ள, 50 டன் எடை வரும் பெட்டிகளில் அதை அடைத்து, ரயிலில் செல்லஃபீல்டு என்ற இடத்துக்கு அனுப்புவார்கள். அந்தப் பெட்டி தாங்குமா என்று ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள்.

1984 ஜூலை 17-ம் தேதி, ஓல்டு டால்பி என்ற இடத்தில் அழைக்கப்பட்டவர்கள் கண்ணெதிரே ஒரு பரீட்சை நடந்தது. தண்டவாளத்தின் குறுக்கே ஒரு பெட்டியைப் போட்டு, ஆளில்லாத எஞ்சின் ஒன்றை மூன்று கோச்சுகளோடு மணிக்கு 100 மைல் வேகத்தில் அதன் மேல் மோதவிட்டார்கள். எஞ்சின் சின்னாபின்னமாயிற்று. பெட்டி கசியவில்லை!

பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பெட்டியின் பலத்தை மட்டும் நம்பி ஒரு தேசம் தூங்கிவிட முடியாது. வண்டி போகும் வழியெல்லாம் ஊர்கள் இருக்கின்றன. எந்த வழி, எந்த நேரம், ஆபத்து வந்தால் யாருக்குச் சொல்வது என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானமாக வேண்டும்.

அடுத்த வீட்டுக் கொல்லை

இப்போது அந்த 'எங்கே' என்ற கேள்விக்கு வருகிறேன். நம் வீட்டைப் பெருக்கி அடுத்த வீட்டு வாசலில் குப்பையைத் தள்ளினால், அதற்குப் பெயர் சுத்தமா?

ஃபெர்னால்டு ஜனங்கள் இந்தக் கேள்வியைத் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்கள். 1993-ல் ஊர்ப் பிரஜைகளைக் கொண்டு ஒரு குழு அமைந்தது. மேஜை மேல் தொழிற்சாலையின் வரைபடத்தை விரித்து, கழிவின் ஒவ்வொரு அளவுக்கும் ஒவ்வொரு காய் வைத்து, நாம் தாயம் ஆடுவது போல ஆடிப் பார்த்தார்கள். எதை எங்கே நகர்த்தினால் எவ்வளவு செலவு, யாருக்கு ஆபத்து என்று காய் நகர்த்தும்போதே புரிந்துவிட்டதாம். கடைசியில் என்ன தீர்மானித்தார்கள் தெரியுமா? எல்லாவற்றையும் வெளியூருக்குத் தள்ளுவது நியாயமில்லை. கொடிய கழிவு வெளியே போகட்டும், விஷம் குறைந்த மண்ணும் இடிபாடும் இங்கேயே பத்திரமாகப் புதையட்டும் என்றார்கள். அப்படியே, அடியில் விரிப்பும் மேலே கவசமும் போட்டு, மிகப் பெரிய பகுதியைத் தங்கள் ஊரிலேயே புதைத்துக்கொண்டார்கள். அந்தக் கிணற்று நீரைக் குடித்தவர்கள் எடுத்த முடிவு இது. பெரிய மனசு என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

நம் தேசத்தில் போபால் விஷயம் உங்களுக்கு ஞாபகமிருக்கும். 1984 டிசம்பரில் விஷ வாயு கசிந்த தொழிற்சாலையின் கழிவு 40 வருஷம் அங்கேயே கிடந்தது. 2025 ஜனவரி முதல் தேதி இரவுதான் 337 டன் கழிவு, 12 லாரிகளில் காவலோடு 250 கிலோமீட்டர் தள்ளியுள்ள பீதம்பூருக்குப் புறப்பட்டது. 'எங்கள் ஊரில் ஏன்?' என்று பீதம்பூர்க்காரர்கள் கொதித்து எழுந்தார்கள். கழிவு ஜூன் கடைசிக்குள் எரிக்கப்பட்டுவிட்டது. ஆனால் தங்களைக் கேட்கவில்லையே என்ற அவர்கள் மனத்தாங்கலை எந்த உலையிலே போட்டு எரிப்பது?

நம் பக்கத்துக்கு என்ன பாடம்?

ராணிப்பேட்டைக் குவியலையும் ரயிலேற்றிவிடலாமா? நம் கூட்ஸ் வண்டி ஒன்று 3,500 டன் சுமக்கும் என்று கணக்கிட்டால், அறுபது எழுபது வண்டிகளில் குவியலே காணாமல் போய்விடும். பக்கத்திலேயே வாலாஜா ரோடு ஸ்டேஷன் இருக்கிறது. கேட்க இனிக்கிறதல்லவா?

அவசரப்படாதீர்கள். யுரேனியத்துக்கும் குரோமியத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. யுரேனியத்தை எந்த ரசாயனமும் சாதுவாக்க முடியாது. அது தானாக அடங்க யுக யுகமாகும். ஆகவே அதை ஜனங்களிடமிருந்தும் தண்ணீரிடமிருந்தும் தள்ளி வைப்பது ஒன்றுதான் வழி. அதற்கு ரயில் வேண்டும். குரோமியத்தின் கதை வேறு. அதன் கொடிய வடிவத்தை, தக்க ரசாயனம் சேர்த்து, அவ்வளவாகக் கரையாத சாதுவான வடிவமாக மாற்ற முடியும். மாற்றக் கூடிய விஷத்தை இருக்கும் இடத்திலேயே மாற்றுவது புத்திசாலித்தனம். அப்படியே சுமந்துகொண்டு போய் இன்னொரு ஊர் வாசலில் இறக்குவது அல்ல. ரயில் வெளுப்பவர் இல்லை. அழுக்கு மூட்டையைச் சுமக்கிறவர். இந்த வித்தியாசத்தை நாம் மறக்கக் கூடாது.

கிழக்கே கடற்கரையில் கல்பாக்கம் இருக்கிறது. தெற்கே கூடங்குளம் இருக்கிறது. எந்த அணுமின் நிலையமும் சிரஞ்சீவி அல்ல. என்றைக்காவது ஒரு நாள் அவற்றையும் மூடிச் சுத்தம் செய்ய வேண்டி வரும். அந்தக் கழிவு எதில் போகும், எந்த வழியாகப் போகும், எந்த ஊரில் இறங்கும் என்பதை அன்றைக்கு நம் பேரன் பேத்திகள் கேட்பார்கள். முன்கூட்டியே கேட்டு வைப்பது நமக்கு அழகு.

ஆரணி ஊருக்குள் ரயில் இல்லை. 'ஆரணி ரோடு' என்று பெயர் வைத்த ஸ்டேஷன் களம்பூர்ப் பக்கம் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து நகரிக்குப் போடத் திட்டமிட்ட புதிய பாதையில்தான் ஆரணியின் பெயரும் இருக்கிறது. அந்த வண்டி வந்து, நம் பட்டும் அரிசியும் அதில் ஏறி ஊர் ஊராகப் போகட்டும்.

அதுவரை நாம் செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் ஊரில் ஒரு சாயப்பட்டறையோ தோல் ஷாப்போ ரசாயனத் தொழிற்சாலையோ புதிதாக வருகிறது என்றால், எத்தனை பேருக்கு வேலை, எவ்வளவு சம்பளம் என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் கூட ஒரு கேள்வி கேளுங்கள்: 'மிச்சம் எங்கே போகிறது?' லீசா கிராஃபோர்டு வீட்டுக் கிணற்றுக்காக அந்தக் கேள்வியை 1951-லேயே யாராவது கேட்டிருந்தால், 154 கூட்ஸ் வண்டிகளுக்கு வேலையே இருந்திருக்காது.